செல்லசாமிக்குச் செள்ளு பிடித்த வருஷம்

“ஒன் கோழிச் செள்ளு எம் புருஷன் மேல ஏறிருக்குடி! இதுக்கு என்னா சொல்ற?”

“ஒம் புருஷன் செத்து நாலு மாசமாச்சு! செள்ளு ஏறுறதுக்கு மேலு காலு வேணும்ல? இருக்கா அவருக்கு?”

“இருக்கு! எட்டுக் காலு இருக்கு! வந்து எண்ணிப் பாரு!”

வேலாயிக்கு அதற்குப் பதில் வரவில்லை. ஏழாம் நம்பர் லயத்தில் அவளுக்குப் பதில் வராமல் போனது அதுவே முதல் தடவை. அதனால் பீலிக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் அலசுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். 1998ஆம் வருஷம், ஆனி மாதம், பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடாத ஞாயிற்றுக்கிழமை. மூன்று வாரமாக விடாமல் கொட்டிய மழை அன்றைக்குத்தான் வட்டகொடையைக் கொஞ்சம் மன்னித்திருந்தது. காயப்போட வேண்டியதையெல்லாம் ஈரத்தோடு போட்டுவிட்டு இரண்டு பேரும் வாசலில் நின்று கத்தினார்கள்.

வீரம்மாவுக்கும் வேலாயிக்கும் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரும் தகரக் கூரைவரை போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி. இந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். வேலாயியைப் பொறுத்தவரை அந்த இடைவெளி ஒரு ரேடியோப் பெட்டி. வீரம்மா வீட்டில் இன்றைக்கு என்ன கறி, சண்டையில் யார் முதலில் வாயை மூடியது, மகள் பிரேமினியைப் பெண் கேட்டு யார் வந்தார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கேட்டதைத் தனக்கென்று பதுக்கி வைக்கும் சுயநலமும் அவளிடம் கிடையாது. காலையில் காதில் விழுந்தது மத்தியானக் கொழுந்து நிறுக்கும்போது தோட்டம் முழுக்கத் தெரிந்திருக்கும்.

“வா, வந்து பாரு. ஒன் கண்ணால பாரு” என்று வீரம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே, வீரம்மாவின் புருஷன் செல்லசாமியின் படத்துக்குக் கீழே, பெட்டியின் மேல் அந்தக் கண்ணாடித் தொட்டி இருந்தது. துரை பங்களாவில் தூக்கிப்போட்ட மீன்தொட்டி. வெடித்த மூலையைத் தார் வைத்து அடைத்திருந்தார்கள். மேலே மூடுவதற்குத் தொழிற்சாலையில் கழித்த சல்லடை வலை. அதைக் கொண்டுவந்து கொடுத்தது வேலாயியின் புருஷன் கணேசமூர்த்திதான். தொட்டிக்குள் மண், ஒரு மரப்பட்டை, பட்டையின் மேல் விரித்த கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. சாம்பலும் கறுப்புமாகக் கோலம் போட்ட உடம்பு, காலெல்லாம் மயிர்.

அதன் வாய்ப்பக்கத்திலும் கால் மடிப்புகளிலும் வெள்ளை ரவையைத் தூவியது போல் இருந்தது. வேலாயி குனிந்து பார்த்தாள். ரவை நடந்தது.

“முருகா!” என்று அவள் பின்னால் நகர்ந்தாள்.

“மூணு நாளா சாப்புடல” என்றாள் வீரம்மா. இப்போது குரலில் சண்டை இல்லை. “கரப்பான் புடிச்சுப் போட்டேன், தொடல. இந்த மனுஷன் என்னா பாவம் செஞ்சாரு வேலாயி? உசுரோட இருந்தப்பவும் நிம்மதி இல்ல. இப்பவும் சொறிய கை இல்லாம கெடக்குறாரு. எல்லாம் ஒன் கோழிக்கூட்டுல இருந்து வந்ததுதான். எனக்குத் தெரியும்.”

கோழிக்கூடு என்றதும் வேலாயி பார்வையைத் தொட்டியிலிருந்து திருப்பிக்கொண்டாள். செள்ளு எங்கேயிருந்து வந்ததோ, அது அவளுக்குத் தெரியாது. சிலந்தி எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். வேலாயி வாழ்க்கையில் வெளியே சொல்லாமல் வைத்திருந்த ஒரே சங்கதி அது.

செல்லசாமி தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆள். தேயிலையில் சிவப்புப் பூச்சி விழுந்தால் முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் போவார். மூக்குக்கு ஒரு துண்டு. அதையும் வெற்றிலை போடுவதற்காகக் கீழே இறக்கிவிட்டிருப்பார். பதினெட்டு வருஷம் அப்படி அடித்தார். கடைசி இரண்டு வருஷம் இருமினார். மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இருமல் நின்றது. சளி என்றார்கள், பீடி என்றார்கள், செய்வினை என்றும் இரண்டு பேர் சொன்னார்கள். மருந்து என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. மருந்தடிக்கிற ஆட்கள் அந்த லயத்திலேயே இன்னும் நாலு பேர் இருந்தார்களே, எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகு வீரம்மா சோறு தொடவில்லை. தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் வேலை செய்யும் மகள் பிரேமினி கையைப் பிடித்து ஊட்டினால் இரண்டு வாய். அதையும் வாசலில் போய்த் துப்பிவிடுவாள். சாயங்காலமானால் கீழே ரயில்பாதைக்கு இறங்கிப் போய், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பதுளை ரயில் வரும் நேரம் பார்த்துப் போகிறாள் என்பதை முதலில் கண்டுபிடித்தது வேலாயிதான். இதையெல்லாம் வேறு யார் கண்டுபிடிப்பார்கள்? இரண்டு தடவை அவள்தான் போய்த் தோளைப் பிடித்து மேலே கூட்டிவந்தாள். இரண்டாம் தடவை ரயில் காற்று முகத்தில் அடித்தது.

பதினாறாம் நாள் கருமாதி. அந்த லயத்துச் சனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் இரவு, செத்தவரின் படத்துக்குக் கீழே தரையில் மாவைச் சலித்துப் பரப்பி, விளக்கேற்றிக் கதவைச் சாத்திவிடுவார்கள். போனவர் எந்தப் பிறவி எடுத்திருந்தாலும் ஒருமுறை வீட்டை எட்டிப் பார்ப்பார் என்று பேச்சு. காலையில் மாவில் இருக்கிற தடத்தைப் பார்த்து, கோழிக்கால் என்பார்கள், பூனை என்பார்கள், குழந்தைப் பாதம் என்று அழுவார்கள். பெரும்பாலும் எலிதான். எலி என்று யாரும் சொல்வதில்லை.

அன்றைக்கு அந்தி சாயும்போது வேலாயி கோழி அடைக்கப் போனாள். கூட்டுக்குள் மூலையில் இந்தச் சிலந்தி உட்கார்ந்திருந்தது. அலறக்கூட நேரமில்லாமல் விளக்குமாற்றை எடுத்துக் குத்தினாள். அது கூட்டை விட்டு ஏறி, பின்கதவு வழியாக உள்ளே வந்து, சுவரில் ஏறி, சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே இருந்த அந்த ஒரு முழ இடைவெளியில் நின்றது. வேலாயி முக்காலி போட்டு ஏறி, “போ, அந்தப் பக்கம் போ சனியனே” என்று விளக்குமாற்றின் நுனியால் தள்ளிவிட்டாள். நாளைக்கு அங்கே நிறையப் பேர் வருவார்கள், யாராவது ஒருத்தர் செருப்பால் அடித்துவிடுவார்கள் என்பது அவள் கணக்கு. அவ்வளவுதான். அவள் மனதில் வேறு ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது.

காலையில் கதவைத் திறந்தார்கள். மாவில் தடம் இருந்தது. புள்ளி புள்ளியாக, இரண்டு பக்கமும் நாலு நாலாக, சுவரோரத்திலிருந்து நேராக ஆணிவரை போயிருந்தது. அந்த ஆணியில் செல்லசாமி மருந்தடிக்கப் போட்டுப் போகும் காக்கிக் கோட்டு தொங்கியது. கோட்டின் மார்பில், சரியாக இருமும்போது அவர் கையை வைத்து அழுத்தும் இடத்தில், சிலந்தி உட்கார்ந்திருந்தது.

எவனோ செருப்பைக் கழற்றினான். வீரம்மா குறுக்கே விழுந்து, “தொட்டீங்கன்னா நானும் செத்துருவேன்” என்றாள். பிறகு சுளகை எடுத்துப் போய்ப் பக்கத்தில் நீட்டி, “வந்துட்டீங்களா?” என்றாள். அது சுளகில் இறங்கியது. அன்றைக்கு மத்தியானம் வீரம்மா ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள். மறுவாரம் கூடையைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனாள். அதற்குப் பிறகு ஒருநாள்கூட ரயில்பாதைக்கு இறங்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், வேலாயி எங்கே போய் வாயைத் திறப்பாள்?

சொல்லாத சங்கதி அவளுக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாடு மாதிரி. ஒரு மாதம் தாண்டியதும் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்க ஆரம்பித்தது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, செல்லசாமி வேலை முடிந்து வந்து முகம் கழுவும் நேரத்துக்குச் சரியாக. மூன்று இருமல், ஒரு காறல், அப்புறம் கோட்டை ஆணியில் மாட்டும் சத்தம். முதல் தடவை பிரேமினி என்று நினைத்தாள். எட்டிப் பார்த்தால் கதவு பூட்டிக் கிடந்தது.

“ஏங்க, கேட்டுச்சா?” என்று கணேசமூர்த்தியைக் கேட்டாள்.

அவர் தொழிற்சாலையில் இருபது வருஷம் இலை வாட்டும் இயந்திரங்களுக்கு நடுவில் நின்றவர். “என்னாது?” என்றார். அவருக்கு மனைவி கத்தினாலே பாதிதான் கேட்கும்.

வேடிக்கை என்னவென்றால், செல்லசாமிதான் சிலந்தியாக வந்திருக்கிறார் என்று நம்பிய லயம் முழுவதும் நிம்மதியாகத் தூங்கியது. அது கோழிக்கூட்டில் இருந்து வந்த பூச்சி என்று தெரிந்த ஒருத்திதான் ஐந்தரை மணியானால் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்குப் பிறகு வேலாயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். விஞ்ஞானம் படிப்பிக்கும் றமணன் மாஸ்டர் அங்கேதான் ஒரு அறையில் தங்கியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சண்டையில் இடம்பெயர்ந்து வந்த இளைஞர். அவரிடம் ஒரு பூதக்கண்ணாடி இருப்பதும், அவர் துணியைத் தானே துவைப்பதும், ஒரு பெண்ணின் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதும் வேலாயிக்குத் தெரியும்.

“சேர், எங் கோழி மேல பழி விழுந்துருச்சு. நீங்கதான் வந்து தீர்ப்பு சொல்லணும்.”

மாஸ்டர் வந்தார். தொட்டியைப் பார்த்ததும் பயப்படுவதற்குப் பதிலாக முழங்காலில் உட்கார்ந்துவிட்டார்.

“அட, இது மரப்பொந்துகளில இருக்கிற சாதியெல்லே! எங்கட பக்கம் இதைப் புலிமுகச் சிலந்தி எண்டுவினம்.”

“சேர், சேர், அந்தப் பேர மெதுவாச் சொல்லுங்க” என்று வேலாயி வாசலை எட்டிப் பார்த்தாள். “நீங்க வேற யாழ்ப்பாணம். கீழ ஆமி சென்றிப் பொயின்ட்ல காதுல விழுந்தா, சிலந்தியையும் சேத்து ஏத்திட்டுப் போயிருவாங்க.”

மாஸ்டர் சிரித்துக்கொண்டே ஒரு தூரிகையால் இரண்டு மூன்று ரவையைத் தொட்டெடுத்துக் கடதாசியில் வைத்தார். வேலாயி தன் கோழி ஒன்றையும் சாட்சிக்குக் கொண்டுவந்து இறக்கையை விரித்துக் காட்டினாள்.

“இஞ்ச பாருங்கோ அக்கா. கோழியில இருக்கிறது இரத்தம் குடிக்கிறது, கருஞ்சிவப்பு. இது வெள்ளை. வேற சாதி. சோறு, மா, கருவாடு, இப்பிடிப் பழசாப் போற சாமான்களில வாறது.” அவர் தொட்டி மண்ணை ஒரு குச்சியால் கிளறினார். “இதுக்குள்ள ஏன் சோறு கிடக்கு?”

குச்சி கிளறக் கிளற வந்தது: பூசணம் பிடித்த சோறு, நெத்தலிக் கருவாட்டுத் தலை, உளுந்து வடைத் துண்டு, ஊறிப்போன ஒரு வெற்றிலை. மண்ணில் சாராய வாடை வேறு.

“வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை படையல் வைப்பேன்” என்றாள் வீரம்மா. “அவருக்குப் புடிச்சது. வச்சா மறுநாளு கொஞ்சம் கொறஞ்சிருக்கும் சேர்.”

“குறைஞ்சது இதுகள் திண்டதாலதான் அக்கா. சிலந்திக்கு உயிரோட இருக்கிற இரையே காணும், வேறொண்டும் வேண்டாம். மிச்சத்தை உடனை எடுத்துப்போட வேணும். மண் காய்ஞ்சு இருக்கவேணும். நீங்கள் இந்த மழையில இதுக்குள்ள சோறும் போட்டு, ஈரமும் விட்டு, மூடியும் வைச்சிருக்கிறியள். செள்ளு வராம என்ன செய்யும்?”

“எம் புருஷனுக்குச் சோறு போடக்கூடாதுன்னு சொல்றீங்களா?”

மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவர். ஆனால் இந்தக் கேள்விக்கு அங்கே பாடம் இல்லை. அவர் வேலாயியைப் பார்த்தார். வேலாயி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“தொட்டிக்கு வெளிய வையி வீரம்மா. மணம் உள்ள போயிரும். செத்தவங்களுக்கு மணந்தானே சாப்பாடு? தின்னுற வேலைய காக்கா பாத்துக்கும்.”

சொல்லிவிட்டுத் தன் நாக்கையே கடித்துக்கொண்டாள். பொய்க்கு எப்படித் தண்ணீர் ஊற்றுகிறாள் பாருங்கள்!

அன்றைக்குப் பழைய மண்ணைக் கொட்டினார்கள். புது மண்ணைக் கணேசமூர்த்தி தொழிற்சாலை அடுப்புப் பக்கம் வைத்துச் சூடாக வறுத்துக்கொண்டு வந்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தொட்டியை வெந்நீரில் கழுவித் துடைத்துக் காயவைத்தார்கள். மாஸ்டர் ஈரமான மெல்லிய தூரிகையால் சிலந்தியின் கால் மடிப்புகளில் தொட்டுத் தொட்டு ரவையை எடுத்தார். கைக்கு மேல் கம்பளிச் சட்டை, அதற்கு மேல் ஒரு சாக்கு. இது கடித்தால் ஒரு வாரம் தசைப் பிடிப்பில் கிடக்க வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்படிச் செய்தார். பிரேமினி விளக்கைப் பிடித்தாள். தூரிகை பிடிக்க ஒருவர், விளக்குப் பிடிக்க ஒருத்தி. மாஸ்டருக்கும் பிரேமினிக்கும் கல்யாணம் என்று வேலாயி தோட்டத்தில் நாள்கூடக் குறித்துவிட்டாள்.

செள்ளு குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. வாய்ப்பக்கம் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. சிலந்தி இன்னும் சாப்பிடவில்லை. உடம்பு கறுத்து மங்கியது. வீரம்மாவும் சோற்றைத் தட்டில் அளைந்துவிட்டு எழுந்தாள். ஒரு சாயங்காலம் அவள் வாசலில் நின்று கீழே ரயில்பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பதை வேலாயி பார்த்தாள். அன்றைக்கு இருமல் நாலு தடவை கேட்டது.

ரோட்டில் மாஸ்டரை மறித்து, “இதுக்கு மருந்து கிருந்து கெடையாதா சேர்?” என்று கேட்டாள்.

“மருந்து மட்டும் வேண்டாம் அக்கா. செள்ளுக்கும் எட்டுக்கால், சிலந்திக்கும் எட்டுக்கால். ரெண்டும் சொந்தக்காரர். ஒண்டைக் கொல்லுற மருந்து மற்றதையும் கொண்டுபோடும். எனக்கெண்டா இது சட்டை கழட்டப்போகுது போல கிடக்கு. கழட்டினா செள்ளும் தோலோட போயிடும். அதுவரைக்கும் அது தாக்குப்பிடிக்க வேணும்.”

இது வேலாயிக்குச் சொல்லப்பட்டது. அவள் இதையும் வழக்கம்போல் ஊரெல்லாம் சொல்லியிருந்தால் ஒரு தொல்லையும் வந்திருக்காது. அன்றைக்குப் பார்த்து அவளுக்குக் காய்ச்சல்; இரண்டு நாள் சுருண்டு படுத்துவிட்டாள்.

இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, பின்னேரம். பனிமூட்டம் வாசல் இஸ்தோப்புவரை வந்து நின்றது. வீரம்மா மலையிலிருந்து இன்னும் இறங்கவில்லை. வேலாயி கம்பளிக்குள் கிடந்தாள். ஐந்தரை ஆகவில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

அப்புறம் ‘கிரீச்… சர்ர்’ என்று ஒரு சத்தம்.

அது அவளுக்குத் தெரிந்த சத்தம். செல்லசாமி லயத்துக்குப் பின்னால் போஞ்சிக் கொடிக்கு மருந்தடிக்கும் பித்தளைக் கைப்பம்பு. இழுத்தால் கிரீச், அழுத்தினால் சர்ர். வேலாயி பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். “வந்துட்டாரு. இன்னைக்கு பம்பு வேற எடுத்துட்டாரு” என்று முணுமுணுத்தாள். கிரீச். சர்ர். கூரை இடைவெளி வழியாக வாடை இறங்கியது. அழுகிய பூண்டு மாதிரி, மூக்கை அறுக்கும் வாடை. பேய்க்குச் சத்தம் இருக்கலாம். பேய்க்கு மருந்து வாடை இருக்குமா?

வேலாயி எழுந்தாள். கம்பளியோடு ஓடினாள்.

தொட்டியின் வலை திறந்து கிடந்தது. பிரேமினி அப்பாவின் காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மூக்கில் அவருடைய துண்டைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் செல்லசாமி கூரைக்கட்டையில் செருகி வைத்திருந்த சாராயப் போத்தல். உள்ளே தோட்டத்திலிருந்து கொண்டுவந்த மிச்ச மருந்து. அவள் பம்பால் தரையில் பீச்சிப் பீச்சிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். இருமிக்கொண்டே அதைத் தொட்டிப் பக்கம் திருப்பினாள்.

“அத்த, பயப்படாதீங்க. கொஞ்சமாத்தான் கலக்கியிருக்கேன். அப்பா தேயிலையில இதே மாதிரிப் பூச்சிக்குத்தானே அடிச்சாரு? தேயிலைய காப்பாத்துன மருந்து அப்பாவ காப்பாத்தாதா?”

வேலாயி அந்தக் கண நேரத்தில் நினைத்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சும்மா இருந்துவிட்டால் போதும். பூச்சி செத்துவிடும். பொய் செத்துவிடும். இருமல் நின்றுவிடும். ஒரு வார்த்தை பேசாமல் நின்றால் போதும்; அவளால் பேசாமல் நிற்க முடிந்தால்.

அப்புறம் பதுளை ரயில் கீழே வளைவில் கூவியது.

“அடிப்பாவி! ஒங்கப்பன ரெண்டாந்தரமும் அதே மருந்தாலயே கொல்லப் பாக்குறியா?”

பாய்ந்து பம்பைத் தட்டினாள். சர்ரென்று பீச்சியது அவள் கழுத்திலும் கம்பளியிலும் விழுந்தது. போத்தல் உருண்டு உடைந்தது. பிரேமினி சுவரில் சாய்ந்து, துண்டை மூக்கிலிருந்து இறக்கி, அது அப்பாவின் துண்டு என்பதை அப்போதுதான் கண்டவள் போல் பார்த்தாள்.

வாசலில் கூடையோடு வீரம்மா நின்றாள். அவளுக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கிய அத்தனை பேரும். வேலாயியின் குரல் மூன்று லயம் தாண்டிக் கேட்கும் குரல், எல்லாருக்கும் கேட்டிருந்தது. இரண்டாந்தரம் என்றால் முதல் தரம் ஒன்று இருக்கிறது. அதை இதுவரை யாரும் வாயால் சொன்னதில்லை. கூட்டத்தில் நின்ற மருந்தடிக்கிற ஆட்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் பெரட்டில் அவர்கள் மூக்கு முகமூடி கேட்டதாகவும், கணக்கப்பிள்ளை முறைத்ததாகவும், மாதக் கடைசியில் ஒரு கட்டு வந்து சேர்ந்ததாகவும் பேச்சு.

வீரம்மா தொட்டிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். சிலந்தி காலை அசைத்தது. வேலாயியின் கழுத்தை வெந்நீர் வைத்துத் தன் கையாலேயே கழுவிவிட்டாள்.

பத்தாம் நாள் காலை வீரம்மாவின் ஒப்பாரியில் லயம் எழும்பியது. சிலந்தி மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே. வேலாயி ஓடிப்போய்ப் பார்த்தாள். முட்டாள்தனமாக அவளுக்கும் கண்ணீர் வந்தது. யாரோ குழி வெட்ட மண்வெட்டி எடுக்க, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஓடி மாஸ்டரைக் கூட்டிவந்தார்கள்.

“தொடாதேங்கோ! ஒருத்தரும் தொடாதேங்கோ. சட்டை கழட்டுது.”

மத்தியானம்வரை அந்தக் காம்பராவில் நாற்பது பேர் மூச்சு விடாமல் நின்றார்கள். மார்பு வெடித்தது. உள்ளேயிருந்து ஈரமாக, வெளிறி, ஒவ்வொரு காலாக இன்னொரு சிலந்தி வெளியே வந்தது. பழசு அப்படியே மயிரோடும் காலோடும் பக்கத்தில் கிடந்தது, செள்ளு முழுவதையும் சுமந்துகொண்டு. புதுசின் மேல் ஒரு ரவைகூட இல்லை. வீரம்மா தரையில் விழுந்து கும்பிட்டாள். வேலாயிக்கும் கை தானாகக் குவிந்தது. பாதியில் கண்டுபிடித்து இறக்கிக்கொண்டாள்.

தோலை மாஸ்டர் எடுத்துப் போனார். இரண்டு நாள் கழித்து ரோட்டில் வேலாயியை நிறுத்தி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“அக்கா, தோலை ஊறவைச்சு விரிச்சுப் பாத்தனான். வயித்துப் பக்கத்துத் தோலில தெரியும். இது பெட்டை.”

“என்னாது?”

“பெட்டை அக்கா. பொம்பிளை. வீரம்மாக்காவுக்குச் சொல்லாதேங்கோ.”

வேலாயி சிரித்தாள். தேயிலைச் செடிக்கு நடுவில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு ஐந்தரை மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று இருமல் கேட்டது. ஆம்பிளை இருமல்தான்.

2002இல் சண்டை ஓய்ந்து பாதை திறந்ததும் றமணன் மாஸ்டர் யாழ்ப்பாணம் போய், கடிதம் எழுதிய அந்த லோஜனாவைக் கட்டிக்கொண்டார். திரும்பி வரவில்லை. வேலாயி குறித்த நாள் வீணாய்ப் போனது. பிரேமினிக்கு அடுத்த வருஷம் கினிகத்தேனையில் டயர் ஒட்டும் கடை வைத்திருந்த லக்ஸ்மனோடு கல்யாணம். தாயையும் கூட வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஒரு நிபந்தனை: பூச்சி வரக்கூடாது. மாமியார்க்காரிக்குக் கரப்பான் கண்டாலே மயக்கம்.

புறப்படுகிற அன்று வீரம்மா தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வேலாயி வாசலுக்கு வந்தாள்.

“அங்க சூடு வேற வேலாயி. அவரு இந்த மலையிலயே பொறந்தவரு. ஒங்கிட்ட இருக்கட்டும். நீதானே காப்பாத்துன.”

வேலாயிக்கு ஐந்து வருஷம் தொண்டையில் நின்றது ஒரேயடியாக மேலே வந்தது. “வீரம்மா, ஒன்னு சொல்லணும். கருமாதிக்கு மொத நாளு நான் கோழி அடைக்கப் போனப்ப…”

“இரு, நான் சொல்லிக்கிறேன். எனக்கே மொதல்ல சந்தேகந்தான்டி. பூச்சிதானே, எங்கிருந்தோ வந்திருக்கும்னு உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு. அப்புறம் அன்னைக்கு நீ கத்துனியே, ‘ஒங்கப்பன ரெண்டாந்தரமும்’னு. அப்பத்தான் எனக்கு நெசமாச்சு. இந்த லயத்துல நடக்குற எது ஒனக்குத் தெரியாம இருந்திருக்கு? வேலாயி வாயில வந்தா அது நெசம்.” தொட்டியை அவள் கையில் வைத்தாள். “என்னா, கோழி அடைக்கப் போனப்ப?”

“ஒன்னுமில்ல. பனி அதிகமா இருந்துச்சு.”

வீரம்மா இப்போது கினிகத்தேனையில் பேரனை வைத்துக்கொண்டு நன்றாகச் சாப்பிடுகிறாள். லயத்தில் அவள் காம்பராவுக்கு 2004இல் மதுரன் என்ற பையனும் அவன் புதுப் பெண்டாட்டி கௌசியும் குடிவந்தார்கள். ஒரு மாதம் கழித்துக் கௌசி பீலியில் வேலாயியிடம், “மாமாவுக்கு இருமல் கொறையலியா அத்த? தெனமும் அஞ்சரைக்கு ஒங்க வீட்டுல கேக்குது” என்றாள்.

கணேசமூர்த்திக்கு அந்த மாதம் முழுக்க ராத்திரி முறை. ஐந்து மணிக்கே அவர் தொழிற்சாலைக்குப் போய்விடுவார்.

“கோழிக்குச் சளி” என்றாள் வேலாயி.

தைப் பொங்கல் முடிந்த கையோடு மதுரனும் கௌசியும் ஒன்பதாம் நம்பர் லயத்துக்குக் குடி மாறிப் போய்விட்டார்கள்.